மூக்கு எண்ணெய்

பிஸ்டல் மறுபடியும் மக்கர் பண்ணியது. நாலு தோட்டா சமத்தாகப் போய் அட்டையில் ஓட்டை போட்டன. ஐந்தாவது மட்டும் உள்ளே போகவும் மனமில்லாமல், வெளியே வரவும் மனமில்லாமல், பஸ் கதவில் மாட்டிக்கொண்ட பை மாதிரி பாதியில் நின்றது.

கிளப்பில் கண்ணாடி என்று கூப்பிடப்படுகிறவள் இடது கையை உயர்த்தினாள். பிஸ்டல் நின்றுவிட்டால் அதை நோண்டக் கூடாது என்பது விதி. குழாய் இலக்கைப் பார்த்தபடியே இருக்க, சும்மா இருக்கிற கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்து, தப்பு துப்பாக்கியுடையதா, சுட்டவருடையதா என்று தீர்ப்புச் சொல்வார். துப்பாக்கியுடையது என்றால் அந்தச் சுற்றை இன்னொரு முறை சுடலாம். ஒரு போட்டிக்கு ஒரே ஒரு தடவைதான் அந்தச் சலுகை. அடுத்த தடவை நின்றால், சுடாத தோட்டாவுக்கெல்லாம் பூஜ்யம்.

பல் டாக்டர் வந்தார். துப்பாக்கி சுடும் கிளப்பின் கேப்டனும் அவர்தான், அதிகாரியும் அவர்தான். வழக்கம்போல் குனிந்து, தலையைச் சாய்த்து, பிஸ்டலின் திறந்த வாய்க்குள் பார்த்தார். ஆ காட்டு என்று மட்டும்தான் சொல்லவில்லை.

"திரும்பவுமா?"

"திரும்பவும்தான் டாக்டர்."

"துப்பாக்கி தப்புதான். ஆனா எனக்கென்னவோ கை மேலயும் சந்தேகம் இருக்கு. மணிக்கட்டு தளருது உங்களுக்கு. பிடி இறுக்கமா இல்லேன்னா மேல நகர்ற ஸ்லைடு முழுசா பின்னால போகாது."

பக்கத்து மேடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எங்க அண்ணிக்கு மணிக்கட்டு தளருதா? அண்ணனைக் கேட்டுப் பாருங்க டாக்டர், கையைப் பிடிச்சா விடவே மாட்டாங்க."

அது பிரேக். கண்ணாடியின் நாத்தனார், கணவருக்கு நேர் இளையவள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். வாழ்நாளில் பாதியை ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில், வலது காலை இன்னொரு பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு கழிப்பவள். அதனால் கிளப்பில் அவளுக்கு அந்தப் பெயர். கண்ணாடிக்கு ஏன் கண்ணாடி என்று பெயர் வந்தது என்றால், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாள். கிளப்பில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. இருந்தாலும் யாரும் கூப்பிடுவதில்லை.

கண்ணாடியின் கடையில் எதுவும் துடைக்காமல் வெளியே போகாது. புது ஃபிரேமோ பழைய ஃபிரேமோ, சட்டைப் பையிலிருந்து அந்த மெல்லிய மஞ்சள் துணி வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரு துடைப்பு, வெளிச்சத்தில் ஒரு பார்வை, இன்னொரு துடைப்பு, அப்புறம்தான் கைக்குப் போகும். அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதி இருந்தான் என்றால் அது மூக்கு எண்ணெய். எவ்வளவு விலையுள்ள லென்ஸாக இருந்தாலும், எவ்வளவு பெரிய மனிதர் போட்டாலும், மூக்கின் இரண்டு பக்கமும் ஊறும் அந்த எண்ணெய் வந்து படிந்து, உலகத்தையே மங்கலாக்கிவிடும். வாடிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்ததும் அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துச் சிலர் மன்னிப்பே கேட்டிருக்கிறார்கள்.

கிளப்பிலும் அதே கதைதான். கதவுக் கைப்பிடி, அடுத்தவர் போட்டிருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, மதிப்பெண் பலகையின் ஓரம், தேநீர் கோப்பையின் வெளிப்புறம் என்று எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பாள். முதல் மாதம் எல்லோரும் கேலி செய்தார்கள். அப்புறம் அவர்கள் கண்ணுக்கே அது தெரியாமல் போய்விட்டது. எப்போதும் நடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை, நடத்துகிறவர் கண்ணில் படுவது அதைவிடக் குறைவு.

அவள் சுட வந்ததற்குக் காரணம் வெற்றியோ வீரமோ இல்லை. நாள் முழுக்கக் கடையில் பேச்சு, பேச்சு, பேச்சு. இங்கே காதில் மூடியை மாட்டி, கையை நீட்டி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால், விசை விடுபடுவதற்கு முன்னால் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்துக்குள் அவளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். சில நேரம் அவளே இருக்க மாட்டாள். அதற்காகத்தான் வாரம் தவறாமல் வந்தாள். நன்றாகவும் சுட்டாள். கிளப்பில் அவளைவிட நன்றாகச் சுடுகிறவர்கள் மூன்று பேர்தான்.

சிக்கலே அங்கேதான். கிளப் அணியில் நாலு இடம். மூன்று பேர் உறுதி. நாலாவது இடம் கண்ணாடிக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள், போன தடவை வெளியூர்க் கிளப்போடு நடந்த போட்டியில் கடைசிச் சுற்றில் அவள் பிஸ்டல் இரண்டு தடவை நின்று, கைக்கு வந்த கோப்பை கைநழுவிப் போகும்வரை. அந்த வருத்தத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரும்பி வரும் வேனில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். மௌனத்தை நேசிக்கிற கண்ணாடிக்கே அந்த மௌனம் பிடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை தேர்வுப் போட்டி" என்றார் பல் டாக்டர் இப்போது. "நீங்களும் பிரேக்கும்தான். யாருக்கு மார்க் அதிகமோ அவங்க அணியில. சலுகை ஒரு தடவைதான், அன்னிக்கும் அப்படித்தான். முகத்துக்காக விட்டுக்கொடுக்கறதுங்கற பேச்சே கிடையாது."

"யாரு முகத்துக்கு?" என்றாள் பிரேக். "அவங்க முகத்துக்கா, என் முகத்துக்கா?"

"ரெண்டு பேர் முகத்துக்கும்தான்."

*

அதற்கு முன்பே கண்ணாடி செய்யாத வைத்தியம் இல்லை. கிளப்பில் துப்பாக்கி பழுது பார்ப்பவரை ஸ்பிரிங் அண்ணன் என்பார்கள். எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் ஸ்பிரிங்தான் காரணம் என்பார். அவளுக்கும் ஸ்பிரிங் மாற்றிக் கொடுத்தார். நின்றது. அதைவிட மென்மையான ஸ்பிரிங் போட்டார். அப்போதும் நின்றது. தோட்டா அடுக்கும் மேகசினில் இருக்கும் ஸ்பிரிங் என்றார். புது மேகசினே வாங்கினாள். அதிலும் நின்றது.

வேடிக்கை என்னவென்றால், அவர் கையில் கொடுத்தால் பிஸ்டல் ஒழுங்காகச் சுடும். சுத்தம் பண்ணி, தானே தோட்டா ஏற்றி, இரண்டு மேகசின் சுட்டுக் காட்டுவார். "பாருங்க, தையல் மிஷின் மாதிரி ஓடுது" என்பார். அவள் வாங்கிப் போய்ச் சுட்டால் மூன்றாவது மேகசினில் நிற்கும். ஆஸ்பத்திரிக்குப் போனதும் காய்ச்சல் காணாமல் போகிற குழந்தை மாதிரி.

இந்தத் தடவை பல் டாக்டர் பிடியையும் மாற்றச் சொன்னார். துப்பாக்கிச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். பிரேக்கும் கூட வந்தாள், தானாக வண்டியை எடுத்துக்கொண்டு. அவள் இல்லாமல் அண்ணி எதையாவது வாங்கினால் ஏமாந்துவிடுவாள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

கடைக்காரர் மரப்பிடிகளை வரிசையாக வைத்தார். கண்ணாடி ஒவ்வொன்றையும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, கண்ணைத் திறந்து பார்த்தாள். குழாய் நுனியில் இருக்கும் குறிமுள் நேராக நின்றால் அந்தப் பிடி கைக்குப் பொருத்தம்.

"கண்ணை மூடிட்டு வாங்கறது இந்தக் கடையில மட்டும்தான் அண்ணி" என்றாள் பிரேக். "மத்த இடத்துல வாங்கிட்டு வந்தப்புறம் மூடிக்குவோம்."

கடைக்காரர் சிரித்தார். "பிடி கொஞ்சம் பெரிசாத் தெரியுது, கொஞ்சம் செதுக்கித் தரட்டுமா?"

"கட்டை விரல் பக்கம் மட்டும்" என்றாள் கண்ணாடி. "அப்புறம், இருக்கறதுலயே நல்ல தோட்டா எது?"

அவர் ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். போட்டிக்கென்றே செய்தது. ஒவ்வொரு தோட்டாவின் ஈய முனையும் மங்கலாக, தொட்டால் விரலில் ஒட்டுவது போல் இருந்தது. கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்து, பையிலிருந்து துணியை எடுத்து விரலைத் துடைத்துக்கொண்டாள். பிரேக் அதைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. எப்போதும் நடப்பதுதானே.

புதுப் பிடி, புது மேகசின், புது ஸ்பிரிங், புது தோட்டா, புது எண்ணெய். எல்லாம் சேர்த்து மாட்டிக்கொண்டு அடுத்த பயிற்சிக்கு வந்தாள். பிஸ்டலைப் பார்த்தால் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. முதல் மேகசினிலேயே நின்றது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நெடுநேரம் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அதிகம் கேட்கிற ஆள் இல்லை. கடைசியில் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டே, "வித்துடலாமா?" என்றார்.

"எதை?"

"பிஸ்டலை. இல்லேன்னா என் தங்கச்சியை."

அவள் சிரித்தாள். ஆனால் உள்ளே சிரிப்பு வரவில்லை. பிஸ்டலை விற்றுவிடலாம். ஆனால் அடுத்த பிஸ்டலும் அவள் கையில் நின்றால்? கை என்று பல் டாக்டர் சொல்கிறார். ஒரு கருவி எல்லோர் கையிலும் ஓடுகிறது, தன் கையில் மட்டும் நிற்கிறது என்றால், அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தக் கேள்விதான் அவளை அரித்தது. அணியில் இடம் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த மௌனத்துக்குள் இனி நிம்மதியாகப் போக முடியாது என்பதைத் தாங்க முடியவில்லை. இப்போதெல்லாம் மூச்சை நிறுத்தும்போதே, நிற்குமோ, நிற்குமோ என்று உள்ளே யாரோ முணுமுணுக்கிறார்கள்.

*

மறுநாள் கடையில் ஒரு லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும்போது இடது கட்டை விரலைக் கிழித்துக்கொண்டாள். பெரிய காயம் இல்லை. ஆனால் கட்டுப் போட்ட விரலால் மேகசினில் தோட்டாவை அழுத்தி ஏற்ற முடியவில்லை. பயிற்சியின்போது பிரேக் தன் மேடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கொண்டாங்க அண்ணி. நீங்க ஏத்தி முடிக்கறதுக்குள்ள ரேஞ்சையே பூட்டிடுவாங்க."

பிரேக் தோட்டா ஏற்றுவதைப் பார்க்கவே தனி. வேர்க்கடலை உரிப்பவள் மாதிரி வாய் ஒரு பக்கம் பேச, கை ஒரு பக்கம் ஓடும். இரண்டு மேகசினையும் நிரப்பித் தந்தாள். கண்ணாடி சுட்டாள். பிஸ்டல் ஓடியது. மறுபடி நிரப்பினாள், மறுபடி ஓடியது. அந்தப் பெட்டி முழுக்கத் தீர்ந்து போயிற்று, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"பாத்தீங்களா, என் கை ராசி" என்றாள் பிரேக். "ஞாயித்துக்கிழமை நான் ஏத்தித் தர முடியாது, அதுதான் ஒரே குறை. அவரவர் தோட்டாவை அவரவர்தான் ஏத்தணும்னு டாக்டர் ஒரு விதி வெச்சிருக்காரே."

கை ராசி என்ற சொல் கண்ணாடிக்கு ஒத்துக்கொள்ளாது. கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் சோதனை ஃபிரேமை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, "இப்ப தெளிவா, முன்ன தெளிவா?" என்று கேட்பாள். ஒரு நேரத்தில் ஒரு லென்ஸ். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டுக் கேட்டால் வருகிற பதிலுக்கு அர்த்தமே இல்லை. அவளுக்குத் திடீரென்று வெட்கமாக இருந்தது. தெரியாத மனிதரின் கண்ணுக்கு அவ்வளவு பொறுமை காட்டுகிறவள், தன் பிஸ்டலுக்கு ஐந்து லென்ஸை ஒரே நேரத்தில் மாற்றிப் போட்டிருக்கிறாள்.

சனிக்கிழமை மதியம் கிளப்பில் ஆள் இல்லை. கண்ணாடி பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தாள். பழைய மேகசின், பழைய தோட்டா. புதுப் பிடியை மட்டும் விட்டுவைத்தாள், அது கைக்கு நன்றாக இருந்தது. பிரேக்கை ஏற்றச் சொன்னாள். ஓடியது. காயம் ஆறிய விரலால் தானே ஏற்றினாள். இரண்டாவது மேகசினில் நின்றது. பிஸ்டலைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பிரேக்கை ஏற்றச் சொன்னாள். ஓடியது. தான் ஏற்றினாள். நின்றது.

"ஒரே பிஸ்டல், ஒரே தோட்டா, சுடற கையும் ஒண்ணுதான்" என்றாள் கண்ணாடி மெதுவாக. "ஏத்தற கைதான் வேற. இப்ப நான் ஏத்தறேன், நீ பாரு. உன் வேலையே அடுத்தவங்க கையைப் பாக்கறதுதானே."

"அதுக்குத்தானே எனக்குக் காசு குடுக்கறாங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் பிரேக். "கியர் போடறவன் கையைப் பாத்தே அவன் வீட்டுல சண்டையா இல்லையான்னு சொல்லிடுவேன்."

கண்ணாடி ஏற்ற ஆரம்பித்தாள். பிரேக் பார்த்தாள். பேசிக்கொண்டே பார்த்தாள், அப்புறம் பேச்சு நின்றது. கண்ணாடி நிமிர்ந்தாள்.

பிரேக்கின் முகத்தில் என்னவோ ஓடியது. வாய் திறந்தது, மூடியது. பார்வை ஒரு நொடி இலக்குப் பக்கம் போனது, அங்கே நாளைக்குத் தொங்கப்போகும் இரண்டு அட்டைகளின் பக்கம், திரும்பி வந்தது. பிரேக் பேசாமல் இருந்து கண்ணாடி பார்த்ததே இல்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக்கு மௌனங்கள் தெரியும். இது யோசிக்கிற மௌனம் இல்லை. இது எடை போடுகிற மௌனம்.

பிறகு பிரேக் ஒரு பெருமூச்சு விட்டாள், சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்துகிறவள் மாதிரி.

"அண்ணி, உங்க இடது கையில என்ன இருக்கு?"

கண்ணாடி குனிந்து பார்த்தாள். மஞ்சள் துணி இருந்தது. வலது கையில் ஒரு தோட்டா, நன்றாகத் துடைக்கப்பட்டு, முனை கண்ணாடி போல மின்னிக்கொண்டு. பெட்டியிலிருந்து எடுத்த ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஒரு துடைப்பு, வெளிச்சத்தில் ஒரு பார்வை, இன்னொரு துடைப்பு.

"இதையா?" என்றாள். தன் கைகளை வேறு யாருடையதோ மாதிரி பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

"என்னைக் கேட்டா? பொறந்தப்பலேர்ந்து."

இருவரும் ஸ்பிரிங் அண்ணனிடம் போனார்கள். அவர் துடைத்த தோட்டாவை ஒரு கையிலும் துடைக்காததை ஒரு கையிலும் வைத்துப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அந்த மெழுகுப் பூச்சு அழுக்குன்னு நெனச்சீங்களாம்மா? அது இருந்தாத்தான் ஈயம் வழுக்கிட்டு உள்ள போகும். அதைத் துடைச்சுட்டா குழாய் வாயில ஈயம் ஈஷி ஈஷி, ரெண்டாவது மூணாவது மேகசின்ல தோட்டா மாட்டிக்கும். நான் சுத்தம் பண்ணி நான் ஏத்தினா எப்படி நிக்கும்? விலை ஜாஸ்தி தோட்டா வாங்கினீங்களே, அதையுமா துடைச்சீங்க?"

"அதை இன்னும் நல்லாத் துடைச்சிருப்பாங்க" என்றாள் பிரேக். "விலை ஜாஸ்தியாச்சே. அதான் முதல் மேகசின்லயே நின்னுது."

"அப்ப ஸ்பிரிங்?" என்று கேட்டாள் கண்ணாடி.

ஸ்பிரிங் அண்ணன் தொண்டையைச் செருமினார். "ஸ்பிரிங்கும் கொஞ்சம் பழசுதான்."

*

காரணம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தாள். அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணியைப் பிரேக்கிடம் கொடுத்துவிட்டு மேடை ஏறினாள். டாக்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டில் ஐந்து தோட்டாவை எண்ணி வைப்பார். கூடுதலாக ஒன்று கிடையாது. "ஏத்துங்க" என்று சொன்னதும் ஒரு நிமிடத்துக்குள் மேகசினை நிரப்பியாக வேண்டும்.

துணி இல்லாத கை சும்மா இருக்குமா? இரண்டாவது சுற்றில் அது தானாகச் சட்டையின் கீழ் ஓரத்தைத் தேடிப் போயிருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. அடுத்த சுற்றில் தோட்டா நின்றபிறகுதான் சட்டை ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு இருப்பதைப் பார்த்தாள். இடது கையைத் தூக்கினாள். டாக்டர் வந்து குனிந்து பார்த்தார்.

"துப்பாக்கி தப்பு. சலுகை முடிஞ்சுது."

முதுகுக்குப் பின்னால், பார்வையாளர் பெஞ்சில், தன் முறைகளை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்த பிரேக் பல்லைக் கடித்தது சத்தமாகவே கேட்டது. அவள் அன்றைக்கு நன்றாகச் சுட்டிருந்தாள். மதிப்பெண் பலகையில் அவள் பெயர் மேலே இருந்தது. நின்ற சுற்றைக் கண்ணாடி திரும்பச் சுட்டு முடித்தாள்; இனி கடைசிச் சுற்றில் ஒழுங்காகச் சுட்டால் எட்டிப் பிடிக்கலாம், நின்றால் அவ்வளவுதான்.

கண்ணாடி சட்டையை இறுக்கிக் கால்சட்டைக்குள் செருகினாள். கைகளைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்தாள். ஏண்டா, கொஞ்சம் சும்மா இருக்க மாட்டியா என்று கையிடம் மனதுக்குள் சொன்னாள்.

"ஏத்துங்க."

முதல் தோட்டா. அமுக்கினாள். இரண்டாவது. மூன்றாவது. நாலாவதை எடுத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், இன்னொரு... கண்ணாடி உறைந்து போனாள். நாலாவது தோட்டா அவள் இடது முழங்கை மடிப்பில் இருந்தது. கை துணியைத் தேடியது, சட்டையைத் தேடியது, இரண்டும் கிடைக்காமல் கடைசியில் தன் தோலையே துணியாக்கிக்கொண்டுவிட்டது. முனை சுத்தமாக மின்னியது.

தட்டில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. மாற்று இல்லை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அவள் எண்ணெய் வைத்திருக்கும் சின்னப் புட்டி பெட்டிக்குள், பெட்டி பெஞ்சுக்குக் கீழே. மேடையை விட்டு இறங்கக் கூடாது. வழுவழுப்பாக எதுவும் இல்லையா இங்கே, கொஞ்சம் மெழுகு, கொஞ்சம் எண்ணெய், ஒரு துளி...

அவள் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி நழுவியது. காலையிலிருந்து வேர்த்து, அதன் இரண்டு தாங்கிகளும் மூக்கின் இருபுறமும் வழுக்கிக்கொண்டிருந்தன.

கண்ணாடி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தோட்டாவை எடுத்து, மூக்கின் ஓரத்தில் வைத்து உருட்டினாள். இந்தப் பக்கம் ஒரு உருட்டு, அந்தப் பக்கம் ஒரு உருட்டு. திருப்பி மறுபடியும் ஒன்று. வெளிச்சத்தில் பார்த்தாள். நன்றாக மங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் எதையாவது அழுக்காக்கிவிட்டுத் திருப்திப்பட்டது இதுதான் முதல் தடவை.

"என்னம்மா பண்றீங்க?" என்றார் டாக்டர்.

"மூக்கு அரிக்குது டாக்டர்."

பின்னால் பிரேக்குக்குப் பொங்கிய சிரிப்பு இருமலாகி வெளியே வந்தது. விதிப்படி பார்வையாளர் சத்தம் போடக் கூடாது.

நாலாவதை அமுக்கினாள், ஐந்தாவதை அமுக்கினாள், மேகசினைச் செருகினாள். கையை நீட்டினாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். உள்ளே யாராவது முணுமுணுக்கிறார்களா என்று காத்துப் பார்த்தாள். யாரும் இல்லை. நிற்பதானால் ஏன் நிற்கிறது என்று இப்போது தெரியும். தெரிந்த பிறகு பயத்துக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. பழைய மௌனம் வந்து, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தேன் என்று கூடச் சொல்லாமல், தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

சுட்டாள். மூக்கு எண்ணெய்த் தோட்டா எது, எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. ஸ்லைடு பின்னால் போய்த் திறந்தபடி நின்ற பிறகுதான் ஐந்தும் போய்விட்டன என்று புரிந்தது. அட்டையை இழுத்துப் பார்த்தார்கள். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கந்தலாகியிருந்தது.

இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நாலாவது இடம் அவளுக்கு.

டாக்டர் கை கொடுத்தார். "பாத்தீங்களா, மணிக்கட்டை இறுக்கினதும் சரியாப் போச்சு!"

"ஆமாம் டாக்டர்" என்றாள் கண்ணாடி.

*

கழுவும் தொட்டியில் முகத்தைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். பிரேக் பக்கத்தில் துண்டோடு நின்றாள்.

"நல்லாக் கழுவுங்க. ஈயம். நாளைக்கு மூக்கு விழுந்துடுச்சுன்னா எங்க அண்ணன் என்னைத்தான் கேப்பான். கண்ணாடியை வேற எங்க மாட்டுவீங்க?"

கண்ணாடி துண்டை வாங்கினாள். முகத்தை மூடிக்கொண்டே கேட்டாள். "நேத்து ஏன் அவ்வளவு நேரம் பேசாம இருந்த?"

"எப்ப?"

"என் கையைப் பாத்தப்ப."

"ஏன், இந்தக் குடும்பத்துல நீங்க மட்டும்தான் பேசாம இருக்கலாமா?"

கண்ணாடி துண்டை இறக்கிப் பார்த்தாள், காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. பிரேக் ஈரத் தரையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், ஒருவழியாகத் தோளைக் குலுக்கினாள்.

"சொல்லாம இருந்துடலாம்னுதான் தோணிச்சு. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அணிக்குப் போகணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா என்ன பண்ண அண்ணி? பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு, வண்டி சுவத்துல மோதப் போகுதுன்னு தெரிஞ்சும் பிரேக் போடாம இருக்க, இந்தக் கால் கேக்க மாட்டேங்குது. பழகிப்போச்சு. உங்களுக்குத் துடைக்கறது மாதிரிதான்."

கண்ணாடி நாத்தனாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரேக் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில், மூக்குத் தாங்கிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய் படிந்து மங்கியிருந்தது. அதைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, சட்டைப் பையைத் தொட்டாள். பை காலியாக இருந்தது.

"துணி எங்க?"

பிரேக் தன் பையைத் தட்டிக் காட்டினாள். "அது என்கிட்டயே இருக்கட்டும். வெளியூர்ப் போட்டி முடியற வரைக்கும். வேனை நான்தான் ஓட்டறேன், டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. நீங்க மேடை ஏறற வரைக்கும் உங்க ரெண்டு கையும் என் கண் முன்னாலதான் இருக்கணும்."

"அப்ப இது?" கண்ணாடி அந்த அழுக்கு லென்ஸைத் தூக்கிக் காட்டினாள்.

"அப்படியே குடுங்க. எண்ணெயைச் சேத்து வெச்சிருக்கேன், உங்களுக்குத்தான் தேவைப்படும்."

கண்ணாடி அதைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். கை மட்டும் இன்னொரு தடவை காலிப் பையைத் தொட்டுப் பார்த்தது.